டானிக் பாட்டிலில் இருக்கும் வைட்டமின் பயிருக்கு என்ன செய்யும்?

உரக்கடையில் போய் 'வாட்டத்துக்கு ஒரு டானிக் கொடுங்க' என்று கேட்டால் நாலைந்து பாட்டில்களை மேசை மேல் எடுத்து வைப்பார்கள். வறட்சி தாங்கும், உப்புத் தண்ணீர் தாங்கும், பூ கொட்டாது என்று போட்டிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம், கூடவே வைட்டமின் சி, பி1, பி6.

இந்தச் சரக்குக்கு நீண்ட காலம் கட்டுப்பாடே கிடையாது. 2021 பிப்ரவரியில்தான் ஒன்றிய அரசு இவற்றை 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. 'பயோஸ்டிமுலன்ட்', அதாவது உயிர் ஊக்கி என்று பெயர் வைத்து எட்டு வகையாகப் பிரித்தது. அதில் வைட்டமின்கள் ஒரு தனி வகை, ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுக்கும் ஆன்டி-ஆக்சிடன்ட் இன்னொரு வகை. ஒரு காலத்தில் சுமார் 30,000 பொருள்கள் கேட்பாரற்று விற்கப்பட்டன, பிறகு 8,000 ஆயின, கெடுபிடிக்குப் பிறகு சுமார் 650-ஆகக் குறைந்துவிட்டன என்று 2025 ஜூலையில் ஒன்றிய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் கணக்குச் சொன்னார்.

அந்த 650-இல் இருப்பதோ இல்லாததோ, வாங்குபவருக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம் இருக்கத்தான் செய்யும். கீரையும் காயும்தானே நமக்கு வைட்டமின் தருகின்றன? அந்தக் கீரைக்கே எதற்கு வைட்டமின்?

## பெயர் நம்முடையது, பொருள் செடியுடையது

'வைட்டமின்' என்பது மனிதனை வைத்து வந்த சொல். 1912-இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமைன்' என்ற பெயரை முன்வைத்தார். உடம்புக்குக் கொஞ்சமாகத் தேவை, ஆனால் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும் என்பதுதான் இலக்கணம். இந்த இலக்கணப்படி பார்த்தால் செடிக்கு வைட்டமின் என்று ஒன்றுமே கிடையாது. அது எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிறது.

வைட்டமின் சி-யைச் சர்க்கரையிலிருந்து செய்கிறது. நமக்கு அந்த வேலையின் கடைசிப் படிக்கான மரபணு பரிணாமத்தில் பழுதாகிவிட்டது, அதனால்தான் நெல்லிக்காயைத் தேடுகிறோம். வைட்டமின் ஈ-யைச் செய்யத் தெரிந்தவை ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் மட்டும்தான். வைட்டமின் ஏ செடியில் இல்லை. அதற்கு மூலமான பீட்டா கரோட்டின்தான் இருக்கிறது. பி12-ஐச் செடி செய்வதும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை.

ஆக, நம் தட்டில் வைட்டமின் என்று வருவது செடிக்குள் வேறு வேலைக்காகச் செய்து வைத்த சாமான். பெரும்பகுதி அன்றாட வளர்சிதை வேலை. மீதி, நெருக்கடியைச் சமாளிக்கும் வேலை.

## மே மாதம், பகல் 12 மணி, ஒரு கத்தரிச் செடி

தண்ணீர் பாய்ச்சி ஆறேழு நாள் ஆன வயலில் கத்தரி இலை தொங்கிக் கிடக்கிறது. வெளியே தெரிவது வாட்டம். உள்ளே நடப்பது இது:

1. வேர் அனுப்பும் தண்ணீர் போதவில்லை. இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன.
2. துளை மூடினால் நீராவி வெளியே போகாது, சரி. ஆனால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது.
3. வெயில் மட்டும் நிற்பதில்லை. பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆற்றலால் கிளம்பும் எலெக்ட்ரான்கள் வழக்கமாகச் சர்க்கரை தயாரிப்புக்குப் போகும். இப்போது போக இடமில்லை.
4. வழியில்லாத எலெக்ட்ரான்கள் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கின்றன. சூப்பர் ஆக்சைடு உண்டாகிறது, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. இன்னொரு பக்கம், கிளர்ந்து நிற்கும் பச்சையம் தன் ஆற்றலை நேராக ஆக்சிஜனுக்கே தள்ளிவிட, சிங்லெட் ஆக்சிஜன் என்ற முரட்டு வடிவம் பிறக்கிறது.
5. இவை சவ்வுகளின் கொழுப்பையும் புரதத்தையும் மரபணுப் பொருளையும் தாக்குகின்றன. இலை ஓரம் கருகுவதும் வெளுப்பதும் இதன் முடிவுதான்.

உப்புத் தண்ணீர், கடும் குளிர், அனல், காற்றிலுள்ள ஓசோன் எல்லாம் தொடங்கும் இடம் வேறு வேறு. பாதிவழியில் எல்லாமே இந்த வினைமிகு ஆக்சிஜன் சிக்கலில் வந்து சேர்கின்றன. ஒன்றே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஹைட்ரஜன் பெராக்சைடு வெறும் எதிரி அல்ல. ஆபத்து வந்திருக்கிறது என்று செல்லுக்குள் தகவல் சொல்வதும் அதுதான். அதை முழுக்கத் துடைத்துவிட்டால் செடிக்கு விழிப்பே வராது. 'ஆன்டி-ஆக்சிடன்ட் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது' என்ற விளம்பரக் கணக்கு இங்கேயே இடறுகிறது.

## சி-யும் ஈ-யும்: குடம் கைமாறும் வரிசை

கூரை வீடு பற்றிக்கொண்டால் கிணற்றிலிருந்து வீடு வரை ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவார்கள். இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்குள் நடப்பது ஏறக்குறைய அதுதான். கைமாறுவது குடம் இல்லை, எலெக்ட்ரான்.

வரிசையின் முன்னால், நெருப்புக்கு மிக அருகில் நிற்பது வைட்டமின் ஈ. அது கொழுப்பில் கரையும் பொருள், சவ்வுக்குள்ளேயே பதிந்திருக்கும். சவ்வின் ஒரு கொழுப்பு மூலக்கூறு தாக்கப்பட்டால் அது பக்கத்து மூலக்கூறிலிருந்து பிடுங்கும், அது அடுத்ததிலிருந்து பிடுங்கும் என்று சேதம் சங்கிலியாக ஓடும். நல்லெண்ணெய் காறிப்போவதும் இதே மாதிரி ஒரு சங்கிலிதான். வைட்டமின் ஈ நடுவில் புகுந்து தன்னுடையதைக் கொடுத்து ஓட்டத்தை நிறுத்துகிறது. சிங்லெட் ஆக்சிஜனை அது அடக்கும் விதம் வேறு: அதன் ஆற்றலை வாங்கி வெப்பமாக விட்டுவிடும். இப்படி ஒரு மூலக்கூறு தான் அழியும் முன் 120 சிங்லெட் ஆக்சிஜன் வரை அடக்க முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கொடுத்துவிட்ட வைட்டமின் ஈ-யை மறுபடி சரிசெய்வது பக்கத்தில் நீர்ப்பகுதியில் நிற்கும் வைட்டமின் சி. சி-க்கு வேறு வேலைகளும் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக மாற்றும் நொதிக்கு எலெக்ட்ரான் கொடுப்பது அதுதான். வெயில் மிஞ்சும்போது இலையில் ஒரு மஞ்சள் நிறமி வேறொரு நிறமியாக மாறி, வேண்டாத ஒளியை வெப்பமாக வெளியேற்றும்; அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியும் வைட்டமின் சி இல்லாமல் ஓடாது.

செலவான சி-யை மீட்பது குளுட்டாதயோன் என்ற இன்னொரு பொருள். அதை மீட்பது ஒளிச்சேர்க்கையில் உண்டாகி எலெக்ட்ரானைச் சுமந்து வரும் என்ஏடிபிஎச் என்ற பொருள். 1976-இல் கிறிஸ்டின் ஃபாயர், பாரி ஹாலிவெல் இருவரும் முன்வைத்த சுழற்சி இது. ஜப்பானின் கோசி அசாதாவின் பெயரையும் சேர்த்து ஃபாயர்–ஹாலிவெல்–அசாதா சுழற்சி என்பார்கள். நம் உவமையில் இந்த என்ஏடிபிஎச்தான் கிணறு. முன்வரிசையில் எத்தனை பேரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கிணறு வற்றினால் வெறுங்குடம்தான் கைமாறும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெளிப்பு மருந்துக்கு வரும்போது தேவைப்படும்.

வைட்டமின் சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தற்செயலாகக் கிடைத்த பாடம். அராபிடாப்சிஸ் என்ற, கடுகுக் குடும்பத்துச் சிறு செடியை ஆய்வகங்களில் எலி மாதிரி பயன்படுத்துவார்கள். ஓசோன் காற்று பட்டதும் துவண்டுபோகும் பிறழ்வுச் செடிகளைப் பொறுக்கியெடுத்தபோது, அவற்றில் ஒன்றில் வைட்டமின் சி சாதாரணச் செடியில் இருப்பதில் சுமார் 30 விழுக்காடுதான் இருந்தது. பாட்ரீசியா கான்க்ளின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு அது. அந்தச் செடி புற ஊதாக் கதிரையும் தாங்கவில்லை.

வைட்டமின் ஈ விஷயத்தில் முடிவு அவ்வளவு நேர்க்கோடாக வரவில்லை. ஈ-யே இல்லாத அராபிடாப்சிஸ் செடிகள் நல்ல வெளிச்சத்திலும் பெரும்பாலும் சாதாரணமாகவே வளர்ந்தன. மஞ்சள் நிறமிக் காவலையும் சேர்த்து நீக்கிய பிறகுதான் சேதம் வெளிப்பட்டது. ஒரு காவலாளி வராவிட்டால் இன்னொருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. ஆனால் இரண்டு இடங்களில் ஈ இல்லாத குறை பளிச்சென்று தெரிந்தது. குளிரில் இலையிலிருந்து சர்க்கரை வெளியேறுவது தடைப்பட்டது. விதைகள் வைத்திருக்க வைத்திருக்க முளைப்புத்திறனை வேகமாக இழந்தன. எண்ணெய் விதைகளில் ஈ நிறைய இருப்பதன் காரணத்தை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பீட்டா கரோட்டினும் சிங்லெட் ஆக்சிஜனை அடக்குகிறது. அதோடு, இலைத்துளையை மூடு என்று உத்தரவிடும் அப்சிசிக் அமிலமும் இதே கரோட்டினாய்டு குடும்பத்து நிறமியை வெட்டித்தான் உண்டாகிறது.

## பி6: ஒரு பூஞ்சை காட்டிக்கொடுத்த ரகசியம்

பி6-ஐ நொதிகளுக்குத் துணைப்பொருள் என்றுதான் வெகுகாலம் பாடம் சொன்னார்கள். அது காவல் வேலையும் செய்கிறது என்பது புகையிலையில் தவளைக்கண் இலைப்புள்ளி நோய் உண்டாக்கும் செர்கோஸ்போரா பூஞ்சையிலிருந்து தெரியவந்தது.

அந்தப் பூஞ்சை ஒரு நச்சை விடுகிறது. நச்சு தானாக ஒன்றும் செய்யாது. வெளிச்சம் பட்டால் சிங்லெட் ஆக்சிஜனைக் கக்கும், இலைச் செல்கள் வெந்துபோகும். சரி, அந்த நச்சுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் பூஞ்சை ஏன் சாகவில்லை? வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் டாப் குழுவினர் இதைத் துருவினார்கள். நச்சைத் தாங்க முடியாத பிறழ்வுப் பூஞ்சையில் பழுதாகியிருந்த மரபணு எதற்கானது என்று தேடியதில், 1999-இல் விடை வந்தது: வைட்டமின் பி6 தயாரிப்புக்கானது. பி6 சிங்லெட் ஆக்சிஜனை நன்றாகவே அடக்கும் என்பதும் அப்போது தெரிந்தது.

அதே மரபணுவின் உறவு செடிகளிலும் இருக்கிறது. அது பழுதான அராபிடாப்சிஸ் உப்பையும் புற ஊதாக் கதிரையும் தாங்குவதில்லை. உப்பைத் தாங்காத செடிகளை மட்டும் சலித்தெடுத்த வேறொரு தேடலில் 2002-இல் அகப்பட்ட ஒரு மரபணுவும் பி6-ஐப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதிக்கானதாகவே இருந்தது.

## பி1: வேர் நுனியில் தொடங்கிய மோகம்

'நாற்றுப் பிடுங்கி நட்ட அதிர்ச்சிக்கு பி1 நல்லது' என்ற பேச்சுக்குத் தொண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. 1937-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் ஜேம்ஸ் பானர், வெட்டியெடுத்த பட்டாணி வேர் நுனி பி1 இருக்கும் கரைசலில் வளர்வதையும், இல்லாவிட்டால் நின்றுவிடுவதையும் காட்டினார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பிரம்மாண்டமான ரோஜாக்கள் பூக்கும் என்று எழுதின, நாற்றங்கால்கள் பி1 விற்றன. பிறகு மண்ணில் நிற்கும் முழுச் செடிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. பானரே பின்வாங்கினார்.

காரணம் எளிது. வேருக்குப் பி1 வேண்டும், உண்மை. முழுச் செடியில் அதை இலை செய்து கீழே அனுப்புகிறது. வெட்டிய வேருக்கு இலை இல்லை. திசு வளர்ப்பு வாழை தயாரிக்கும் ஆய்வகங்களில் ஊடகத்தில் இன்றும் பி1 கலப்பது இதனால்தான். அதே வாழைக்கன்று தோட்டத்துக்கு வந்து நாலு இலை விட்ட பிறகு அந்தத் தேவை அதற்கு இல்லை.

செடிக்கு பி1 விலையுயர்ந்த சரக்கும்கூட. அதன் ஒரு பகுதியைச் செய்யும் நொதி, தேவையான கந்தகத்தைத் தன் உடலிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு அத்தோடு செயலிழந்துபோகிறது. ஒரு மூலக்கூறுக்கு ஒரு நொதி காலி. அதனால் செடி இதில் ரொம்பக் கண்டிப்பு: பி1 போதுமான அளவு இருந்தால் தயாரிப்பை நிறுத்தச் சொல்லும் உணர்கருவி அதன் மரபணுச் செய்தியிலேயே இருக்கிறது. நாம் வெளியிலிருந்து கொடுத்தால் சொந்தத் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும்.

ஆனால் பி1 தெளிப்பு முழுக்க வீண் என்று மூடிவிடவும் முடியாது. 2005-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெல் உள்ளிட்ட பயிர்களில் பி1 தெளித்து, நோய் எதிர்ப்பு விழித்துக்கொள்வதைக் காட்டினார்கள். விளைவு 15 நாளுக்கு மேல் நீடித்தது. அங்கே பி1 உணவாக வேலை செய்யவில்லை. கதவைத் தட்டி எழுப்புவது போல, செடி தன் சொந்தப் பாதுகாப்பை முடுக்கிவிடும் சைகையாக வேலை செய்தது.

## ஒரு டேங்க் கணக்கு

இனி பாட்டிலுக்கு வருவோம். ஆய்வுகளில் வைட்டமின் சி பெரும்பாலும் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற அளவை ஒட்டித் தெளிக்கப்படுகிறது. 10 லிட்டர் டேங்குக்கு 1 கிராம்.

- ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் மொத்தம் 20 கிராம். எல்லாமே இலை மேல் விழுந்து, எல்லாமே உள்ளே போனதாக வைத்துக்கொண்டாலும் அவ்வளவுதான்.
- அந்த ஏக்கரில் ஒரு டன் பச்சை இலை நிற்கிறது என்று கொள்வோம். கிலோவுக்கு அரை கிராம் வைட்டமின் சி என்று குறைத்தே போட்டாலும், செடிகள் ஏற்கெனவே வைத்திருப்பது 500 கிராம்.
- பசுங்கணிகத்துக்குள் செறிவு இன்னும் அதிகம், 20 முதல் 50 மில்லிமோலார். லிட்டருக்கு மூன்றரை முதல் ஒன்பது கிராம் வரை. நாம் தெளிப்பதோ லிட்டருக்கு பத்தில் ஒரு கிராம்.

இதில் இலையின் மெழுகுப் பூச்சைத் தாண்டிப் போவது ஒரு பகுதிதான். கரைசலும் நிலைக்காது: போர் தண்ணீரில் இரும்போ செம்போ கொஞ்சம் இருந்தாலே, காரத்தன்மையும் சேர்ந்தால் இன்னும் வேகமாக, வைட்டமின் சி சிதையும். காலையில் கலக்கிய டேங்க் வெயிலில் நின்று மதியத்துக்கு மேல் அடிக்கப்பட்டால், இலைக்குப் போவது பெரும்பாலும் தண்ணீர்.

ஆகவே வெளியிலிருந்து கொட்டி நிரப்புவது என்ற கணக்கு நிற்காது. தெளிப்பு பலன் தரும் இடங்களில் அது சைகையாகத்தான் தந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சைகை என்றால் அளவும் நேரமும் முக்கியம். நெருக்கடி வருவதற்கு முன்பே போக வேண்டும். இலை கருகிய பிறகு தட்டி எழுப்பிப் பயனில்லை.

விதையின் கதை வேறு. காய்ந்த பாசிப்பயறில் வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை. ஊறவைத்து முளைகட்டினால்தான் உண்டாகிறது. முளைப்பயறு சாப்பிடச் சொல்வதும் அதற்குத்தான். அந்த முதல் சில மணி நேரம் கருவுக்குச் சொந்தக் கையிருப்பு இல்லாத நேரம். எனவே உவர் மண்ணில் விதைக்கும் முன் நீர்த்த வைட்டமின் கரைசலில் விதையை ஊறவைத்து நிழலில் உலர்த்துவது, இலைத்தெளிப்பைவிட அறிவுக்குப் பொருந்துகிற உத்தி. செலவும் சொற்பம். வெறும் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்தினாலே கொஞ்சம் பலன் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

## கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?

வைட்டமினைச் செடியே செய்துகொள்கிறது என்றால், செய்வதற்கான சாமான் அதனிடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சூப்பர் ஆக்சைடை அடக்கும் நொதிகளுக்குத் துத்தநாகமும் செம்பும், அல்லது இரும்போ மாங்கனீசோ வேண்டும். வைட்டமின் சி-யோடு சேர்ந்து பெராக்சைடை அழிக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். பி வைட்டமின்களுக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் வேண்டும். தமிழ்நாட்டில் துத்தநாகக் குறை பரவலாக இருக்கும் மண்ணில், ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடாமல் வைட்டமின் பாட்டிலுக்குக் காசு கொடுப்பது வரிசை தப்பிய செலவு.

தழைச்சத்துக்கும் வைட்டமினுக்கும் உள்ள உறவை 2018-இல் வெளியான ஒரு நெல் ஆய்வு துல்லியமாகக் காட்டியது. சீனாவிலும் ஜப்பானிலும் திறந்த வயலில், கார்பன் டை ஆக்சைடை இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிர்பார்க்கும் 568 முதல் 590 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை கூட்டி 18 நெல் ரகங்களை வளர்த்தார்கள். அரிசியில் பி1 சராசரியாக 17.1 விழுக்காடு, பி2 16.6, பி5 12.7, பி9 30.3 விழுக்காடு குறைந்தன. வைட்டமின் ஈ மட்டும் கூடியது. மூலக்கூறில் நைட்ரஜன் எவ்வளவு அதிகமோ அந்த அளவுக்கு வைட்டமின் வீழ்ந்திருந்தது. ஈ-யில் நைட்ரஜனே கிடையாது. செடி தன்னிடம் எது மிஞ்சுகிறதோ அதை வைத்துத்தான் வைட்டமின் செய்கிறது. (அரிசியில் பி1 பெரும்பகுதி தவிட்டில் இருக்கும். நெல்லைப் புழுக்கும்போது அதில் ஒரு பகுதி உள்ளே இறங்கிவிடும் என்பதால் புழுங்கல் அரிசி சாப்பிடுபவர்களுக்கு இழப்பு கொஞ்சம் குறைவு.)

## லேபிளில் பார்க்க வேண்டியவை

1. உரக் கட்டுப்பாட்டு ஆணையின் 6-ஆம் அட்டவணையில் இடம்பெற்ற பொருளா? அதற்கு வேளாண் ஆய்வு நிலையங்களில் பயிர்ச் சோதனை நடந்திருக்க வேண்டும். எந்தப் பயிருக்கு அனுமதி என்பதும் அதிலேயே இருக்கும். நெல்லுக்குச் சோதித்ததை மிளகாய்க்கு அடிக்கச் சொன்னால் கேள்வி கேளுங்கள்.
2. எந்த வைட்டமின், எத்தனை விழுக்காடு? 'வைட்டமின்கள் அடங்கியது' என்று மட்டும் போட்டிருந்தால் அது தகவல் அல்ல.
3. தயாரித்த தேதி. திரவ வடிவில் வைட்டமின் சி என்றால், ஒளி புகும் பாட்டிலில் கடை வாசல் வெயிலில் நின்றதை எடுக்க வேண்டாம்.
4. பூச்சிக்கொல்லி எச்சம் 0.01 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. தெளித்த மறுநாளே பூச்சியும் செத்தால் மகிழ வேண்டாம், உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

அடிப்பது என்று முடிவு செய்துவிட்டால், வயலின் நடுவில் நாலு வரிசைக்கு அதே நாள், அதே டேங்க் அளவில் வெறும் தண்ணீரை அடித்துவிட்டு வரிசைத் தலைப்பில் ஒரு குச்சி நட்டு வைக்கலாம். வாடிய பயிர் மேல் தண்ணீர் பட்டாலே அன்று சாயங்காலம் நிமிர்ந்துதான் தெரியும். இரண்டு வாரம் கழித்து அந்த நாலு வரிசையையும் பக்கத்து நாலு வரிசையையும் தனித்தனியாகப் பறித்து எடை போட்டால், பாட்டிலுக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்பது தராசில் வந்துவிடும்.